4 மில்லிமீட்டர் ஆணி, 700 வகைக் கிருமி... தெரியுமா?

அத்தை உள்ளங்கையை நீட்டினாள். மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பல் டாக்டர், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கும் மாதிரியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். மூன்றே மூன்று சாமான். சுற்றிலும் மரை வெட்டிய ஒரு குட்டி ஆணி. அதன் தலையில் உட்காரும் ஒரு கட்டை. அதற்கு மேல் தொப்பி போலக் கவிழும் ஒரு பல்.

"இதைத்தாம்மா உங்களுக்கு வைக்கப்போறோம்."

"மூக்குத்தித் திருகாணி கணக்கால்ல இருக்கு! ஏந்தம்பி, இரும்புன்னா துருப் பிடிக்கும், பித்தளைன்னா பச்சை பிடிக்கும். இதுல எதுவும் பிடிக்காதா?"

"துருப் பிடிக்காதும்மா. கிருமி பிடிக்கும்."

அந்த ஒற்றை வரி என்னை விடவே இல்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடத் தேட மணவாளக்குறிச்சிக் கடற்கரை வந்தது, கல்பாக்கம் வந்தது, லேத் பட்டறை வந்தது, மரத்தில் கத்தும் சில்வண்டு கூட வந்தது! அத்தனையும் ஒரு பல் ஆணிக்கு எப்படிக் கவசம் போடுவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான். படித்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த ஆணி. இம்ப்ளான்ட் என்பார்கள். சுமார் 4 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் நீளம். டைட்டானியம். இந்த உலோகம் எலும்போடு ஒட்டும் என்று கண்டுபிடித்தது பல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த ஆள் இல்லை, தெரியுமா? 1952-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரனமார்க், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால், வரவே இல்லை! எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. விலை உயர்ந்த கருவி போச்சே என்று விட்டுவிடாமல், இது ஏன் ஒட்டியது என்று யோசித்தார் மனிதர். 1965-ல் கொத்தன்பர்க் நகரில் கோஸ்டா லார்சன் என்பவர் முதல் ஆளாகத் தாடையில் டைட்டானிய ஆணி வைத்துக்கொண்டார். 2006-ல் அவர் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்த ஆணிகள் வேலை செய்தன.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டில் 1931-ல் ஒரு பழைய தாடையைத் தோண்டி எடுத்தார்கள். காலம் கி.பி. 600-ஐ ஒட்டியது. கீழ்ப் பல்வரிசையில் மூன்று பல் இருக்க வேண்டிய இடத்தில் கிளிஞ்சல் துண்டுகளைச் செதுக்கிச் செருகியிருந்தார்கள். இறந்த பிறகு அலங்காரத்துக்காகச் செருகியது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1970-ல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கிளிஞ்சலைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. உயிரோடு இருக்கும்போதே வைத்த பல்!

சரி, டைட்டானியம் எங்கிருந்து வருகிறது? ரொம்ப தூரம் போக வேண்டாம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வருவதற்கு முன்னால் தென் மாவட்டத்துப் பஸ்கள் பழங்காநத்தத்திலிருந்துதான் கிளம்பும். அப்படி நாகர்கோவில் பக்கம் போய் மணவாளக்குறிச்சியில் இறங்கினால், கடற்கரை மணல் கறுப்பாக மின்னும். அந்தக் கறுப்பில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு கலந்த தாது அது. மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது. இன்னும் வடமேற்கே போனால் கேரளத்துச் சவறாவில், தாதுவிலிருந்து டைட்டானிய உலோகத்தையே எடுக்கும் ஆலை 2011-ல் தொடங்கியது. ராக்கெட்டுக்கும் விமானத்துக்கும் வேண்டிய உலோகம். அதே இன உலோகம்தான் அத்தையின் தாடைக்கும்.

இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. டைட்டானிய ஆணியை நீங்கள் தொட்டால் உங்கள் விரலில் படுவது டைட்டானியம் இல்லை! காற்றுப் பட்ட கணத்திலேயே அதன் மேல் ஒரு ஆக்சைடு தோல் வளர்ந்துவிடும். தடிமன் சில நானோமீட்டர். தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு. கீறினால் உடனே திரும்ப மூடிக்கொள்ளும். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டிலும் பல பற்பசைகளிலும் வெள்ளை நிறம் தருவது இதே டைட்டானியம் டை ஆக்சைடுதான். இந்தத் தோல் இருப்பதால்தான் உடம்பு அந்த உலோகத்தை அந்நியமாக நினைப்பதில்லை. எலும்புச் செல் வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் எலும்புக்கு இதமான இடம் கிருமிக்கும் இதம்தானே?

துண்டு போட்டு இடம் பிடிக்கும் போட்டி

நம் வாயில் 700 வகைக்கு மேல் பாக்டீரியாக்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். முதன்முதலில் அவற்றைக் கண்ணால் பார்த்தவர் டாக்டர் இல்லை, ஜவுளி வியாபாரி! ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் ஊரைச் சேர்ந்த ஆன்டனி வான் லேவன்ஹுக். துணி வியாபாரம் செய்தவர், தானே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பூதக்கண்ணாடி செய்வதில் அசுரன். தன் பல் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒட்டியிருந்ததைச் சுரண்டி வைத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி ஜீவன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கடிதமாக எழுதினார்.

பல் துலக்கி வாய் கொப்பளித்து முடித்த சில நிமிடங்களில் என்ன நடக்கிறது தெரியுமா? எச்சிலில் இருக்கும் புரதங்கள் பல்மேல் மெல்லிய சவ்வாகப் படிந்துவிடுகின்றன. அதன் மேல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையறா முதலில் வந்து குடியேறும். பிறகு ஃபியூசோபாக்டீரியம் என்ற நீளமான கிருமி வந்து, முன்னால் வந்தவர்களையும் பின்னால் வருகிறவர்களையும் கைகோத்து விடும். கடைசியில் போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் வரும். ஈறையும் எலும்பையும் நாசம் செய்வதில் அதுதான் பேர்போனது. எல்லாம் சேர்ந்து தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பான பசையைச் சுரந்து கோட்டை கட்டிக்கொள்ளும். குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்குமே, அந்தப் பாசி போல. அந்தப் பசைக்குள் போய்விட்ட கிருமியைக் கொல்ல, தனியாகத் திரியும் கிருமிக்குத் தேவைப்படுவதைவிட 1,000 மடங்கு வரைகூட மருந்து வேண்டியிருக்கும். அதனால்தான் ஆணியில் கிருமி படிந்த பிறகு மாத்திரை சாப்பிட்டு மட்டும் சமாளிக்க முடிவதில்லை. படியும் முன்னே தடுத்தாக வேண்டும்.

1987-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா இதை ஒரு ஓட்டப்பந்தயம் என்று எழுதினார். உடம்புக்குள் எதை வைத்தாலும் அதன் மேற்பரப்பைப் பிடிக்க ஒரு பக்கம் உடம்பின் செல்லும் இன்னொரு பக்கம் கிருமியும் ஓடி வருகின்றன என்றார். நம் ஊரில் அதைப் புரிந்துகொள்ள ஓட்டப்பந்தயம் எதற்கு? பஸ் நிற்கும் முன்னே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்! எலும்புச் செல் முதலில் துண்டு போட்டுவிட்டால், ஆணி ஆயுசுக்கும் நிற்கும். கிருமி முந்திக்கொண்டால் எலும்புக்கு இடமே கிடைக்காது. கிருமிநாசினி மேற்பூச்சு என்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் இதற்காகத்தான். கிருமி போடும் துண்டை மட்டும் தட்டிவிட வேண்டும், எலும்பு போடும் துண்டு விழ வேண்டும்.

இதில் ஆணியைவிட ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. அந்த மூன்று சாமான்களில் நடுவில் இருக்கும் கட்டை! அபட்மென்ட் என்பார்கள். ஈறைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது அதுதான். இயற்கைப் பல்லைச் சுற்றி ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே குறுக்காகப் பாய்ந்து, பந்தக்கால் கயிறு போல இழுத்துக் கட்டியிருக்கும். இந்தக் கட்டையைச் சுற்றி அப்படி இல்லை. நார்கள் பக்கவாட்டில் சும்மா சாய்ந்து நிற்கின்றன, உள்ளே பாய்வதில்லை. கிருமி நுழைய வழி திறந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஆணியும் கட்டையும் சேரும் இடத்தில் ஒரு இடுக்கு. எவ்வளவு? 10 மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது, நூல்கூட நுழையாது. ஆனால் பாக்டீரியாவின் உடம்பே 1 மைக்ரான் அளவுதானே! அதற்கு அது ராஜகோபுர வாசல். நாம் மெல்லும் ஒவ்வொரு முறையும் கட்டை இம்மியளவு அசைய, எச்சிலும் கிருமியும் பம்ப் அடித்தது போல உள்ளே போகும், வெளியே வரும். அதனால்தான் மேற்பூச்சு ஆராய்ச்சியாளர்கள் ஆணியோடு நிற்பதில்லை. கட்டைக்கும், உள்ளே முடுக்கும் திருகுக்கும், புண் ஆறும்வரை வைக்கும் மூடிக்கும்கூடப் பூசிப் பார்க்கிறார்கள்.

ஒரே ஆணியில் இரண்டு சட்டம் என்பது இன்னொரு ஆச்சரியம். எலும்புக்குள் இருக்கும் பகுதி சொரசொரப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் எலும்பு பிடிக்கும். ஈறுப் பகுதி வழுவழுப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் கிருமி வழுக்கும். எவ்வளவு வழுவழுப்பு? மேடுபள்ளம் 0.2 மைக்ரான். அதற்கு மேல் எவ்வளவுதான் மெருகேற்றினாலும் கிருமி படிவது பெரிதாகக் குறைவதில்லை என்று பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆக, மெருகு போட்டு மட்டும் ஜெயிக்க முடியாது.

கல்பாக்கத்துக் குழாயும் அத்தையின் பல்லும்

நான் அசந்துபோன இடம் இது. அணுமின் நிலையத்துக் குழாய்க்கும் பல் ஆணிக்கும் ஒரே வியாதி, தெரியுமா?

கடலோரத்தில் மின் நிலையம் கட்டினால் கடல்நீரைக் குழாய்களில் ஓடவிட்டுத்தான் சூட்டைத் தணிப்பார்கள். சாதாரண உலோகத்தை உப்புத்தண்ணீர் அரித்துத் தின்றுவிடும். டைட்டானியத்தை அசைக்காது. ஆகவே கல்பாக்கத்தில் ஈனுலை என்ற வகை அணு உலைக்கான கடல்நீர்க் கண்டென்சருக்கு டைட்டானியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தாமிரம் கலந்த பழைய குழாய்களில் இருந்து தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அது கடல் ஜீவன்களுக்கு விஷம், அதனால் ஒட்டத் தயங்கும். டைட்டானியத்தில் விஷமே இல்லை. உடம்புக்கு நல்லது என்று எந்தக் குணத்துக்காகத் தாடையில் வைக்கிறோமோ, அதே குணத்துக்காகக் கடல் பாக்டீரியாக்கள் கூட்டமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன! உள்ளே பாசி படர்ந்தால் சூடு இறங்காது.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியிலிருந்து மருந்து எதையும் பூசவில்லை. டைட்டானியத்தின் சொந்தத் தோலையே ஆயுதமாக மாற்றப் பார்த்தார்கள். உலோகத்தை ஒரு கரைசலில் முக்கி மின்சாரம் செலுத்தினால் ஆக்சைடு தோல் தடிக்கும். அனோடைசிங் என்று பேர். அந்தத் தோலின் மேல் புற ஊதாவை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சினார்கள். பாக்டீரியா ஒட்டுவது மளமளவென்று குறைந்தது. ஜூடி கோபால், ஆர். பி. ஜார்ஜ், முரளீதரன், கதக் ஆகியோர் 2004-ல் இதை ‘பயோஃபவுலிங்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். பிறகு டைட்டானியத்தின் மேல் தாமிரத்தை மிக மெல்லிய படலமாகப் படியவைத்தும் அந்த மையம் சோதனை செய்திருக்கிறது. நம் வீட்டுச் செப்புக்குடத்தின் குணத்தை நானோ அளவில் ஆக்கி, குழாய்க்குப் போர்த்திப் பார்த்தார்கள்.

இந்த ஒளி வித்தையின் மூலக்கதை ஜப்பானில் இருக்கிறது. 1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி விழுந்தால் தண்ணீரே பிளக்கிறது என்று காட்டினார்கள். அந்த வேகத்தில் பிறக்கும் வீரியமான மூலக்கூறுகள் பக்கத்தில் இருக்கும் கிருமியின் சவ்வைப் பொசுக்கிவிடும். வெள்ளைப் பெயின்டுக்குள் இப்படியொரு வீரன் தூங்குகிறான் பாருங்கள்! ஒரே ஒரு சங்கடம்: ஈறுக்கு அடியில் வெயில் ஏது? ஆகவே பல் மருத்துவத்தில், ஆணியைத் தாடையில் வைப்பதற்குச் சற்று முன்னால் புற ஊதா ஒளியில் காட்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒளி பட்ட டைட்டானியம் தண்ணீரை அப்படியே பரப்பி இழுத்துக்கொள்ளும், எலும்புச் செல்லும் வேகமாக வந்து ஒட்டும்.

அனோடைஸ் செய்த டைட்டானியம் நீலம், பொன், இளஞ்சிவப்பு என்று மின்னுமே, அதில் ஒரு சொட்டுச் சாயம்கூட இல்லை! மழை பெய்த ரோட்டில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுகிறதல்லவா, அதே சங்கதி. தோலின் தடிமன் மாறினால் நிறம் மாறும். மூன்று 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்துக் கிடைக்கும் 27 வோல்ட்டிலேயே நீலம் வந்துவிடும். பல் ஆணிக் கம்பெனிகள் சைஸ் அடையாளம் காணவும் இந்த நிறங்களைப் பயன்படுத்துகின்றன.

மின்சாரத்தையும் கரைசலையும் கொஞ்சம் மாற்றினால் தோல் தடிப்பதோடு நிற்காமல் மூங்கில் குழாய்களை நெருக்கமாக நட்டு வைத்தது போல வளரும். ஒவ்வொரு குழாயின் வாயும் சில பத்து நானோமீட்டர். அந்தக் குழாய்க்குள் மருந்தையோ வெள்ளியையோ நிரப்பி வைக்கலாம், சொட்டுச் சொட்டாகக் கசியும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து இந்தக் குழாய்களைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன.

வெள்ளி நல்லதுதான், ஆனால்...

"இதுல வெள்ளி பூசிட்டா என்ன தம்பி?" என்று அத்தை அன்றைக்கே டாக்டரிடம் கேட்டாள். கைக்குழந்தைக்கு வெள்ளிச் சங்கில் பால் புகட்டி வளர்த்தவள், கேட்காமல் இருப்பாளா? உலக ஆராய்ச்சிக்கூடங்களும் அதையேதான் கேட்கின்றன. வெள்ளி அயனி கிருமியின் சுவரில் ஓட்டை போடும், உள்ளே இருக்கும் நொதிகளைச் செயலிழக்க வைக்கும், டிஎன்ஏ-வையும் குலைக்கும். ஒரே நேரத்தில் பல இடத்தில் அடிப்பதால் கிருமி தப்பிக்க வழி தேடுவது கஷ்டம். 1881-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு எத்தனையோ பேரின் பார்வையைக் காப்பாற்றினார்.

அப்படியானால் பூசிவிட வேண்டியதுதானே? பொறுங்கள். இதயத்தில் ஒரு பாடம் நடந்திருக்கிறது.

செயற்கை இதய வால்வைச் சுற்றி ஒரு துணிப்பட்டி இருக்கும். அதில்தான் தையல் போடுவார்கள். அங்கே கிருமி தொற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் அந்தப் பட்டிக்கு வெள்ளி பூசி சில்ஸோன் என்ற பெயரில் கொண்டுவந்தது. எவ்வளவு நல்ல யோசனை! சுமார் 36,000 பேருக்கு வைத்தார்கள். பிறகு பார்த்தால், சிலருக்கு வால்வின் ஓரமாக ரத்தம் கசிந்தது. கிருமியை விரட்டிய வெள்ளி, பட்டிக்குள் வளர்ந்து பிடிக்க வேண்டிய உடம்பின் திசுவையும் தடுத்திருந்தது. 2000 ஜனவரியில் அந்த வால்வையே நிறுவனம் திரும்பப் பெற்றது.

எனக்கு இந்த ஒரு சம்பவம் போதும், மேற்பூச்சு ஆராய்ச்சி ஏன் இத்தனை வருஷமாக நிதானமாக நகர்கிறது என்று புரிந்துகொள்ள. கிருமியைக் கொல்வது பெரிய காரியமே இல்லை, பினாயில் கூடக் கொல்லும். நம் செல்லுக்கு நோகாமல் கொல்ல வேண்டும், அதுதான் வித்தை. வெள்ளி ஒரு சிட்டிகை கூடினால் எலும்புச் செல்லுக்கு விஷம், குறைந்தால் கிருமிக்கு விருந்து. அந்த நூலளவு இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு.

ஆன்டிபயாட்டிக் மருந்தையே பூசினால்? கால் எலும்பு முறிவுக்கு வைக்கும் கம்பியில் ஜென்டாமைசின் பூசி ஐரோப்பாவில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வாய் வேறு மாதிரி. முதல் சில நாளில் மருந்து மடமடவென்று வடிந்துவிடும், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சம் கிருமிக்குப் பயிற்சி கொடுத்து முரடனாக்கிவிடும். கால் கம்பியைப் பிறகு எடுத்துவிடலாம். பல் ஆணி முப்பது, நாற்பது வருஷம் நூற்றுக்கணக்கான கிருமி வகைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஹார்டுவேர் கடைப் பொன்னும் சில்வண்டின் சிறகும்

ஹார்டுவேர் கடையில் பொன்னிறத்தில் டிரில் பிட் தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? தங்க முலாம் என்று நினைத்திருப்பீர்கள். அது டைட்டானியம் நைட்ரைடு! தேயாமல் இருக்கப் பூசுவது. அதே பொன் பூச்சை அபட்மென்ட் மேலும் பூசுகிறார்கள், கடைக்கே வந்துவிட்டது. மனிதர் வாயில் வைத்துப் பார்த்ததில், பூசாத டைட்டானியத்தைவிட இதில் கிருமி படிவது குறைவாக இருந்தது. இது எந்த மருந்தையும் கசியவிடுவதில்லை, தீர்ந்துபோக அதில் சரக்கும் இல்லை. ஈறுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறம் தெரியாமல் இளஞ்சூடான நிறம் தருகிறது என்பது உபரி லாபம். லேத் பட்டறையில் இரும்பைத் துளைக்கும் அதே பூச்சு, ஈறுக்குள்!

இப்போது சில்வண்டுக்கு வருகிறேன். அழகர்கோவில் மலைப் பக்கம் மரத்தடியில் நின்றால் காதைத் துளைக்குமே, அந்தப் பூச்சி. அதன் சிறகில் அப்படி என்ன விசேஷம்? 2012-ல் ஆஸ்திரேலியாவில் எலீனா இவனோவா குழுவினர் ஒரு வகைச் சில்வண்டின் சிறகை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சிறகு முழுக்க நானோ அளவில் வரிசை வரிசையாகக் கூர்ப்புகள்! சூடோமோனாஸ் பாக்டீரியா அதன் மேல் உட்கார்ந்தால், கூர்ப்புகளுக்கு இடையில் அதன் சவ்வு இழுபட்டுத் தொய்ந்து, சில நிமிடத்தில் கிழிந்து செத்துப்போகிறது. சிறகில் ஏதாவது மருந்து இருக்குமோ என்ற சந்தேகம் வருமல்லவா? அவர்களுக்கும் வந்தது. சிறகின் மேல் 10 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசி மூடினார்கள். அப்போதும் கொன்றது! மருந்தே இல்லை, வடிவம்தான் ஆயுதம்.

மருந்து இல்லை என்றால் தீர்ந்துபோக ஒன்றுமில்லை, கிருமி மருந்துக்குப் பழகிவிடும் பயமும் இல்லை. அதனால்தான் டைட்டானியத்தின் மேல் இதே மாதிரிக் கூர்ப்புகளை வளர்க்கப் பல நாடுகளில் முயல்கிறார்கள். குறையையும் சொல்லிவிடுகிறேன்: சில்வண்டுச் சிறகு மெல்லிய சுவர் கொண்ட கிருமிகளைத்தான் கிழித்தது, தடித்த சுவர்க்காரர்கள் தப்பித்தார்கள். அடுத்த வருஷமே தும்பியின் சிறகைப் பார்த்து, அதைப் போன்ற கூர்ப்புகள் கொண்ட கறுப்புச் சிலிக்கானையும் சோதித்தார்கள். அவை இரண்டு வகையையும் கொன்றன.

தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் இருக்கும் பூச்சுகளும் உண்டு. 1997-ல் ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அந்த இலையின் மெழுகுப் புடைப்புகளை விளக்கிய பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. ஆனால் ஆணியின் எலும்புப் பக்கத்துக்கு இது ஆகாது. தண்ணீர் ஒட்டாத இடத்தில் எலும்பும் சுலபத்தில் ஒட்டாது.

இறால் உரித்தபின் தூக்கிப் போடும் ஓடு இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் பல் ஆணியில் பூசிப் பார்க்கிறார்கள்! அதற்கு நேர்மின்னேற்றம், கிருமிச் சுவருக்கு எதிர்மின்னேற்றம். ஒட்டிப் பிடித்துக் குலைத்துவிடும். இலையிலும் இப்படிக் கிருமியை அடக்கும் பொருள் உண்டு. மதுரைக்குப் பக்கத்துச் சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். வெற்றிலையில் இருக்கும் ஹைட்ராக்ஸிசவிக்கால் என்ற பொருள் சொத்தைப் பல் கிருமியை அடக்குவதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அதற்காகத் தாம்பூலம் போட ஆரம்பித்துவிடாதீர்கள்! பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. புகையிலையோ ஆணிக்கே எமன். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்து உயிர்த்தொழில்நுட்ப ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாப் பவளங்களில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து, மற்றக் கிருமிகளின் பசைக்கோட்டையைக் கட்டவிடாமல் தடுக்கும் பொருள்களை எடுத்திருக்கிறார்கள். கிருமியைக் கொண்டே கிருமிக்குப் பூட்டு!

இன்னும் ஒன்று. கிருமி பெருகினால் அமிலம் சுரக்கும், அந்த இடம் புளிக்கும். புளிப்பு ஏறினால் மட்டும் திறந்துகொண்டு மருந்து விடும் பூச்சுகளையும் செய்து பார்க்கிறார்கள். சும்மா இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும், திருடன் வந்தால்தான் குரைக்கும்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. 1992-ல் இதே மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக ஆரோலேப் தொடங்கியது. வெளிநாட்டு விலையில் எட்டாமல் இருந்த கண் லென்ஸை இங்கேயே செய்து ஏழைக்கும் எட்டவைத்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது. மணல் நம் கரையில் இருக்கிறது. டைட்டானியத்தின் தோலைப் படித்தவர்கள் கல்பாக்கத்தில் இருக்கிறார்கள். முலாம் பூசுவதையே சாஸ்திரமாக்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகள் மதுரையிலேயே இருக்கின்றன. கண்ணுக்குச் செய்த ஊர் பல்லுக்கும் செய்யலாம். கண்டிப்பாகச் செய்ய வேண்டும்.

அதுவரை உண்மை நிலவரம் இதுதான்: இன்று வைக்கப்படும் ஆணிகளில் பெரும்பாலானவற்றில் கிருமிநாசினிப் பூச்சு கிடையாது. மேலே சொன்னவற்றில் பல இன்னும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் இருக்கின்றன. ஆகவே யாராவது ‘கிருமியே வராத இம்ப்ளான்ட்’ என்று விளம்பரம் செய்தால், எத்தனை மனிதர்களுக்கு வைத்து, எத்தனை வருஷம் பார்த்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அத்தைக்கு ஆணி வைத்து, எலும்பு பிடிக்க நாலு மாசம் காத்திருந்து, பல்லும் மாட்டியாயிற்று. டாக்டர் அவள் கையில் இரண்டு பல்லுக்கு இடையில் நுழையும் குட்டிப் பிரஷ் ஒன்றைக் கொடுத்தார். "இதுதாம்மா இப்போதைக்கு நம்ம கோட்டிங்." தினம் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, அந்தக் கட்டையின் கழுத்தைச் சுற்றி அங்கிட்டும் இங்கிட்டும் பத்துத் தடவை தேய்க்கிறாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் கூடுதல் கவனம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஆணியைச் சுற்றி எலும்பு கரையும் அபாயம் அதிகம்.

செயற்கைப் பல்லில் சொத்தை வராது, கூச்சமும் தெரியாது. வலிக்காமலேயே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இம்ப்ளான்ட் இருந்தால் இன்று ராத்திரி ஒரு முறை பாருங்கள்: துலக்கும்போது அந்த இடத்தில் ரத்தம் கசிந்தால், ஈறு சிவந்திருந்தால், வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாமல் நாளைக்கே டாக்டரிடம் போங்கள். ஈறு வீங்கிய கட்டத்தில் பிடித்தால் சுத்தம் செய்தே சரியாக்கிவிடலாம். எலும்பு கரைந்துவிட்டால் அது லேசில் திரும்ப வராது.